"கியர்" என்றால் எது? சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே சொல் போதுமா?

மன்னை வகுப்பறை

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு சைக்கிள் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள்தான் அதிகம் வரும். இப்போது சில பிள்ளைகள் கியர் சைக்கிளும் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்காக ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டியூப், பிரேக், பெல் எல்லாம் எழுதியாகிவிட்டது. கியர் பக்கம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"கியர்" வருகிற இடத்திலெல்லாம் "பல்லிணை" என்று போட்டுப் பார்த்தேன். "பின்னால் ஏழு பல்லிணைகள் உள்ளன." சரி, ஓடுகிறது. "மூன்றாவது பல்லிணையில் ஓட்டவும்." இடறுகிறது. "பல்லிணையை மாற்றவும்" என்றால் கடையில் புதிது வாங்கி மாட்டச் சொல்கிறோமா, கைப்பிடியில் இருக்கிற லீவரைத் தட்டச் சொல்கிறோமா? ஒரு பிள்ளை இதையே கேட்டது, என்னிடம் பதில் இல்லை.

கியர் சைக்கிளில் செயினைத் தள்ளி மாற்றுகிற டிரெய்லியருக்கு என்ன எழுதுவது? சைக்கிளுக்கு வைக்கிற சொல்லையே காருக்கும் வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐயாற்று வாத்தியார்

நல்ல கேள்வி. பல் வைத்த சக்கரத்துக்குப் பாடநூல்களில் "பற்சக்கரம்" என்று இருக்கிறது, அது நிலைத்த சொல். "பல்லிணை" பிறகு வந்தது. தஞ்சாவூரில் 1981-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்த காலத்திலிருந்து கலைச்சொல் ஆர்வம் இந்தப் பக்கம் கூடுதல்தான். ஒரு சொல் அச்சில் ஏறிவிட்டால் எல்லா இடத்திலும் அதையே ஒட்டுகிற பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

பிரித்துப் பாருங்கள். பல்லும் பல்லும் இணைவது பல்லிணை. ஒரு சக்கரத்தின் பல் அடுத்த சக்கரத்தின் பல்லோடு நேராகக் கோத்துச் சுழல வேண்டும். கார் கியர் பெட்டிக்குள் அப்படித்தான். சைக்கிளில் முன், பின் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நடுவில் சங்கிலி. ஆக சைக்கிளில் இருப்பது பல்லிணை ஆகாது. பற்சக்கரம் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

டிரெய்லியர் பிரெஞ்சுச் சொல். தண்டவாளத்தை விட்டு ரயில் இறங்குவதற்கு அவர்கள் சொல்லும் வினையிலிருந்து வந்தது. சங்கிலியை ஒரு சக்கரத்திலிருந்து இறக்கி அடுத்ததில் ஏற்றுகிற கருவி என்பதால் அந்தப் பெயர். "தடமாற்றி" என்று எழுதிப் பாருங்கள்.

குடந்தைப் பட்டறை

வாத்தியார் ஐயா சொன்னதில் தப்பில்லை. ஆனால் கையேட்டைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளை என் கடைக்கு வந்து "பின் பற்சக்கரம் கொடுங்க" என்று கேட்டால் நானே ஒரு நிமிஷம் யோசிப்பேன். முன்னால் இருப்பது செயின் வீல். பின்னால் இருப்பது ப்ரீவீல். கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் எந்தக் கடையில் கேட்டாலும் இதுதான். இதை விட்டுவிட்டு எழுதினால் கையேடு வகுப்பறையோடு நின்றுவிடும்.

இன்னொன்று. ப்ரீவீல் வெறும் பல்சக்கரம் இல்லை. உள்ளே சின்னச் சின்ன நாக்குகள் ஸ்பிரிங்கில் நிற்கும். மிதிக்கும்போது நாக்கு பள்ளத்தில் மாட்டி சக்கரத்தை இழுக்கும். மிதிக்காமல் விட்டால் வழுக்கிக்கொண்டே கிர்ரென்று சத்தம் போடும். நாக்கு தேய்ந்தாலோ, கெட்டியான கிரீஸில் ஒட்டிக்கொண்டாலோ பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. "ப்ரீவீல் பிடிக்கல" என்று வருவார்கள். பல் எல்லாம் புதுசு போலவே இருக்கும்! பின் பற்சக்கரம் என்று மட்டும் எழுதினால் இந்தப் பழுதை எங்கே வைத்து விளக்குவீர்கள்?

ஆனால் பல் என்ற சொல்லை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். "பல்லு தேஞ்சிடுச்சு", "செயின் பல்லு தாண்டுது" என்றுதான் எல்லாரும் வருகிறார்கள். இதையும் எழுதுங்கள்: செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். 24 கண்ணி எண்ணி ஸ்கேல் வைத்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, பல்லும் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். புது செயின் பழைய பல்லில் உட்காராது.

பழைய லாரி

தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரோட்டில் நெல் லோடு அடித்தவன். டிரைவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

"கியர் உடைஞ்சு போச்சு" என்கிறோம். அது இரும்புச் சக்கரம். "மூணாவது கியர்ல போ" என்கிறோம். அது சக்கரமா? இல்லை, ஒரு நிலை. "கியரைத் தொடாதே" என்று கிளீனரிடம் சொன்னால் அது கியர் ராடு. ஒரே சொல், மூன்று பொருள். நம் வாயில் மூன்றும் சிக்கலில்லாமல் வருகிறது, ஏனென்றால் பக்கத்தில் இருக்கிற வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். மன்னைக்காரரின் சிக்கல், மூன்றையும் பல்லிணை என்ற ஒரே கட்டில் கட்டியதுதான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. இன்றைய கியர் பாக்ஸில் கியர் போடும்போது முன்பக்கம் போகிற கியர்ச் சக்கரம் எதுவும் இடம் மாறுவதில்லை. எல்லா ஜோடியும் எப்போதும் கோத்துக்கொண்டேதான் சுற்றுகின்றன. நாம் ராடைத் தள்ளும்போது நடுவில் ஒரு வளையம் நகர்ந்து, எந்த ஜோடி ஷாப்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அவ்வளவுதான். "பல்லிணையை மாற்றவும்" என்று எழுதினால் காரில் அது நடக்கவே நடக்காத விஷயம்.

வேகத்தைத் தானே சமன் செய்கிற சிங்க்ரோ ரிங் இல்லாத லாரியில் டபுள் கிளட்ச் போடணும். கிளட்ச் அழுத்தி நியூட்ரல், விட்டு ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச் அழுத்தி கீழ்க் கியர். சுற்றுகிற இரண்டு பாகமும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பூட்டும், இல்லாவிட்டால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். அமெரிக்காவில் காடிலாக் கம்பெனி 1928-லேயே இதற்கு சிங்க்ரோமெஷ் கொண்டுவந்துவிட்டது. எங்கள் கைக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆனது, அதுவரை இடது முழங்கால்தான் சிங்க்ரோமெஷ்.

நிலைக்கு "படி" என்று வைக்கலாம் என்பது என் யோசனை. முதற்படி, இரண்டாம் படி. ஏறுவது, இறங்குவது இரண்டும் ஒட்டும்.

பூண்டி டிராக்டர்

அண்ணே, திருத்துறைப்பூண்டி பக்கம் "மூணாம் படி" என்றால் மரக்கால் எங்கே என்று கேட்பார்கள். நெல் அளந்த ஊர்.

டிராக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படி கணக்கு அங்கே உதைக்கும். மெயின் ராடு ஒன்று, ஹை–லோ ராடு ஒன்று. நாலு கியர், அதை லோவில் ஒரு தடவை, ஹையில் ஒரு தடவை, ஆக முன்னால் போக 8, பின்னால் 2. "செகண்ட் லோ" என்று சொன்னால்தான் தெரியும். குறுவைக்குச் சேறு அடிக்கும்போது கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி லோவில் போடுவோம். ரோட்டுக்கு ஏறினால் ஹை. இதை எந்தப் படி என்று சொல்வது? எட்டும் வரிசையாகவும் இருக்காது, லோவின் கடைசியும் ஹையின் முதலும் மாடல் பார்த்து முன்னே பின்னே இருக்கும்.

மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ தண்டு தனிக் கதை. நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது பொது அளவு. டிராக்டர் எந்த கியரில் நகர்ந்தாலும், இன்ஜின் வேகம் மாறாதவரை அந்தச் சுற்றும் மாறாது. அதனால்தான் மண் பொடியாகணும் என்றால் வண்டியை மெதுவாக விடுகிறோம்.

அப்புறம் டிப்ரன்ஷியல் லாக். வயலில் ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் மாட்டி வெறுமனே சுற்றும், மறுபக்கம் அசையாமல் நிற்கும். வளைவில் திரும்புவதற்காக இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிப்ரன்ஷியல் வேலை, சேற்றில் அதுவே வினையாகிவிடுகிறது. காலுக்குக் கீழே ஒரு பெடல் உண்டு, மிதித்தால் இரண்டும் ஒன்றாகப் பூட்டும், வண்டி ஏறிவிடும். பூட்டை விடாமல் திருப்பினால், பின் அச்சுக்கு விசை தருகிற கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் போய்விடும். இதற்கு "பூட்டு" என்பதே போதும். டிரைவர்கள் "லாக்கைப் போடு", "பூட்டை மிதி" இரண்டும் சொல்கிறார்கள்.

நாகை எதிர்காற்று

பேச்சு டிராக்டருக்குப் போய்விட்டது, சைக்கிளுக்குத் திருப்புகிறேன்.

இந்த ஊர்களில் மலை இல்லை. கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தட்டை. ஆற்றுப் பாலமும் கரையும்தான் நமக்கு ஏற்றம். "டெல்டாவில் எதற்குடா கியர் சைக்கிள்" என்று கேட்காத ஆள் இல்லை. ஆடி மாதம் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் பக்கம் மிதித்துப் பாருங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். காற்றுதான் நம் மலை.

நான் வாங்கின கடையில் (பெயர் வேண்டாம்) "21 கியர் சார், பைக் மாதிரி பறக்கும்" என்றார்கள். பறக்கவில்லை. முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. என் வண்டியில் முன்னால் 42, 34, 24 பல். பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. இப்போது 42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5. 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் 1.5. இரண்டும் ஒன்றே! 34-க்கு 22 போட்டால் 1.55, அதுவும் கிட்டத்தட்ட அதே. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் காலுக்கு வித்தியாசம் தெரிகிற நிலைகள் 21-ல் பாதிதான் தேறும். போதாக்குறைக்குப் பெரியதுக்குப் பெரியது, சின்னதுக்குச் சின்னது போட்டால் செயின் குறுக்கே இழுபட்டு உரசும்.

மன்னைக்காரருக்கு ஒரு கணக்கு. சாதா சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 44-ஐ 18-ஆல் வகுத்து, சக்கரம் 28 அங்குலம், பெருக்கினால் சுமார் 68. இதை கியர் அங்குலம் என்கிறார்கள். முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்து, பெடல் நேராக அதிலேயே மாட்டியிருந்த பழைய வண்டிகளின் கணக்கு இது. 68 அங்குல விட்டமுள்ள ராட்சதச் சக்கரத்தை நேராக மிதிப்பதற்குச் சமம் என்று பொருள். ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும்.

என் 26 அங்குலச் சக்கர வண்டியில் 42-க்கு 16 போட்டாலும் 68 வருகிறது. அதாவது அப்பா வைத்திருந்த கறுப்பு சைக்கிள் என் 21-ல் ஒன்று. அதற்கு மேலே எனக்கு ஒரே ஒரு நிலைதான் இருக்கிறது, 78. மீதி எல்லாமே கீழே, லேசான பக்கம், 22 வரைக்கும். கியர் சைக்கிள் என்பது பறக்கிற வண்டி அல்ல, கச்சானில் முழங்காலைக் காப்பாற்றுகிற வண்டி.

ரெண்டு ரூபா வாடகை

எல்லாம் சரி, "கியர்" என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன? பிரேக் என்றுதானே எழுதினீர்கள்?

ஐயாற்று வாத்தியார்

எழுதலாம். சண்டை சொல்லோடு இல்லை. ஒரே கையேட்டில் ஒரே பக்கத்தில் சக்கரத்துக்கும் கியர், நிலைக்கும் கியர் என்று வந்தால் படிக்கிற பிள்ளை திணறும். நிலைக்கு கியர் என்பதையே விட்டுவிடுங்கள், அது வேரூன்றிவிட்டது. இரும்புக்குப் பல்சக்கரம் என்று எழுதுங்கள். "பற்" என்று புணர்த்தாமல் "பல்" என்றே வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, பட்டறைக்காரர் அப்படித்தானே சொல்கிறார்.

மன்னை வகுப்பறை

எல்லாருக்கும் நன்றி. "படி" வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், பூண்டிக்காரர் மரக்காலோடு வந்துவிடுவார்.

இன்னொரு முடிச்சு. காரில் "சின்ன கியர்" என்றால் முதல் கியர், இழுவைக்கு. சைக்கிளில் ஒரு பையனிடம் "பின்னால சின்ன கியர் போடு" என்றேன். அவன் மிகச் சின்னப் பல்சக்கரத்தில் போட்டான், மிதிக்கவே முடியவில்லை. இதை எப்படி எழுதுவது? ரேஷியோ என்று எழுதினால் தீருமா?

குத்தாலம் மெக்கானிக்கல்

ரேஷியோ என்று எழுதினால் இன்னும் சிக்கல். காரும் சைக்கிளும் அதைத் தலைகீழாக எண்ணுகின்றன.

காரில் முதல் கியர் ரேஷியோ மூன்றரை என்றால், கியர் பெட்டிக்குள் நுழைகிற ஷாப்ட் மூன்றரைச் சுற்று சுற்றினால் வெளியே போகிற ஷாப்ட் ஒரு சுற்று. எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். டாப் கியர் பக்கம் போகப் போக எண் ஒன்றுக்கு இறங்கும், ஓவர் டிரைவில் ஒன்றுக்கும் கீழே போகும். சைக்கிளில் 44-க்கு 18, அதாவது 2.44 என்றால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 2.44 சுற்று. எண் பெரிதானால் மிதி கனக்கும். காரணம் எளிது. இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், அதைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். மனிதக் கால் 60, 70 சுற்றோடு சரி, அதைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆகவே "பெரிய ரேஷியோ" என்று கார்க்காரர் சொல்வதும் சைக்கிள்காரர் சொல்வதும் எதிரெதிர் அர்த்தம். பிள்ளைகளுக்கு "லேசு", "கனம்" என்று எழுதுங்கள். "லேசான கியர்", "கனத்த கியர்". பல்சக்கரத்தின் அளவைச் சொல்லும்போது மட்டும் சின்னது, பெரியது.

இன்னொரு வம்பு "கியர் இல்லாத வண்டி". லைசென்சிலேயே அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஸ்கூட்டரில் பெல்ட்டும், உருளைகள் வெளியே தள்ளத் தள்ள அகலம் மாறுகிற புல்லியும் இருக்கின்றன. சரி, அங்கே பல் கிடையாது. ஆனால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டில் பல்சக்கரங்கள் இருக்கின்றன, வேகத்தைக் குறைப்பதற்கு. சர்வீஸ் விடும்போது அதற்கென்று தனியாக ஆயில் மாற்றுவார்கள். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: கியர் ஆயில்! மின்சாரக் காரும் அப்படித்தான், மாற்றுவதற்கு கியர் கிடையாது, உள்ளே நிலையான பல்சக்கர ஜோடிகள் உண்டு. "கியர் மாற்ற வேண்டாத வண்டி" என்றால் சரியாக இருக்கும், ஆனால் ஆர்.டி.ஓ ஆபீசில் போய் யார் சொல்வது.

உண்மையான பல்லிணை சைக்கிளிலும் உண்டு, வாத்தியார் ஐயா. பழைய ராலே வண்டிகளில் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள்ளே மூன்று கியர் வரும். இங்கிலாந்தில் நாட்டிங்காமில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி செய்தது, 1936-ல் வந்த ஏ.டபிள்யூ மாடல் பிரபலம். நடுவில் அச்சோடு அசையாமல் நிற்கிற பல்சக்கரத்துக்கு 20 பல், அதைச் சுற்றி வருகிற சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே 60 பல் வளையம். நடுச் சக்கரத்துக்கு சூரியன் என்றும் சுற்றுவதற்கு கோள் என்றும் உலகம் முழுக்கப் பெயர். நம் சூரியனார் கோவில் மாதிரி, சூரியன் நடுவில், மற்றவர்கள் சுற்றிலும். கோள்கள் இருக்கிற சட்டத்தைச் செயின் இழுத்து, வளையம் ஹப்பைச் சுழற்றினால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடும். வளையத்தைச் செயின் இழுத்து, சட்டம் ஹப்பைச் சுழற்றினால் நாலில் ஒரு பங்கு குறையும். நடு கியரில் நேரடி. கார் ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பலவற்றில் இதே கோள் அமைப்புதான், அடுக்கடுக்காக.

பழைய லாரி

கோள் என்ற சொல் அருமை. சனி எந்தப் பல்?

பூண்டி டிராக்டர்

கிரவுன் பினியன் அண்ணே. பிடித்தால் ஏழரை வருஷம் செலவு.

மன்னை வகுப்பறை

கியர் பக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் செயின் வீல். பின்சக்கரத்தில் இருப்பது ப்ரீவீல். கியர் சைக்கிளில் செயின் வீல் இரண்டு மூன்று அடுக்காகவும், ப்ரீவீல் ஆறு ஏழு அடுக்காகவும் இருக்கும். செயின் எந்த அடுக்கில் ஓடுகிறதோ அதைப் பொறுத்து மிதி லேசாகவோ கனமாகவோ இருக்கும். முன்னால் சின்னது, பின்னால் பெரியது: லேசு. முன்னால் பெரியது, பின்னால் சின்னது: கனம். செயினை ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தள்ளும் கருவி தடமாற்றி. கடையில் டிரெய்லியர் என்று கேட்கவும். எதிர்காற்றிலும் பாலம் ஏறும்போதும் லேசான கியருக்கு முன்கூட்டியே மாறிவிடவும்."

குடந்தைப் பட்டறை

நல்லா இருக்கு. மூன்று திருத்தம்.

ஒன்று, மாற்றும்போது பெடல் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள், ஆனால் அழுத்தி மிதிக்கக் கூடாது. நின்ற இடத்தில் லீவரைத் தட்டிவிட்டு எழுந்து நின்று மிதித்து செயினை அறுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் எனக்கு அதிகம். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று ஸ்போக்ஸுக்கும் ப்ரீவீலுக்கும் நடுவில் மாட்டும், எடுக்க அரை மணி நேரம்.

இரண்டு, தடமாற்றியில் எல் என்றும் எச் என்றும் இரண்டு சின்ன ஸ்குரூ இருக்கும். செயின் இரண்டு ஓரத்திலும் எவ்வளவு தூரம் போகலாம் என்று நிறுத்துவது அவைதான். கிளிக் சரியாக விழவில்லை என்றால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். அதைத் தொட வேண்டாம், கேபிள் வருகிற இடத்தில் கையால் திருகுகிற நட்டு இருக்கிறது, அதை அரைச் சுற்று திருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, விலை கூடின வண்டிகளில் ப்ரீவீலுக்குப் பதில் கேசட் வரும். ப்ரீவீல் ஹப்பில் மரையோடு திருகி ஏறும், நாக்கு அதற்குள்ளேயே இருக்கும். கேசட்டில் நாக்கு ஹப்போடு போய்விடும், பல்சக்கரங்கள் மட்டும் தனியாகச் சொருகி நிற்கும். கழற்றுகிற சாவியும் வேறு. ப்ரீவீல் என்று கேட்டு வாங்கிப் போய், ஏறவில்லை என்று திரும்பி வராமல் இருக்க, பழசைக் கழற்றிக் கையோடு கொண்டுவரச் சொல்லி ஒரு வரி போடுங்கள்.